வட்டத்தின் இடப்பக்கம்

அக்காவுக்கு எதையும் சட்டென்று வாங்கிப் பழக்கமில்லை. ஒரு கைக்குட்டை வாங்கப் போனாலும் கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் பையைத் திறப்பாள். அப்படிப்பட்டவள், தொலைநோக்கிக்கு, வானத்தில் குறிபார்க்க உதவும் ஃபைண்டர் வாங்கப் போன அன்று, இரண்டாவதாக எடுத்து நீட்டியதையே பார்த்துவிட்டு "இது போதும்டா" என்றாள். தம்பிக்கு அப்போதே சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். படவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அக்கா ஒரு பொருளை ஆசையாகக் கையில் வாங்குகிறாள் என்ற சந்தோஷத்தில் அவனுக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

தம்பி ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக். அலுவலகம் அலுவலகமாகப் போய், கறுப்புப் பொடி அப்பிய விரல்களோடு வீடு திரும்புகிறவன். அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஓட்டிக்கொண்டிருந்தவள் என்று சொல்வதுதான் சரி. ஆனால் அவள் காதுபட அப்படிச் சொல்கிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

அவர்களிடம் இருந்தது பழைய தொலைநோக்கி, யாரோ வைத்திருந்ததை விலைக்கு வாங்கியது. அதில் இருவருக்கும் ஒரு வேலைப் பிரிவினை உண்டு. அக்கா தேடுவாள், தம்பி பார்ப்பான். தம்பிக்கு வானத்தில் எதையும் கண்டுபிடிக்க வராது. வியாழன் கண்ணெதிரே விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருக்கும். இவன் குழாயை அங்கே இங்கே ஆட்டி, கடைசியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக் காட்டுவான். அக்காவோ சந்துக்குள் வேனைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு போய், சுவரில் ஒரு கீறல் விழாமல் நிறுத்துகிறவள். ஃபைண்டரில் கண்ணை வைத்து, இரண்டு விரலால் குழாயைத் தள்ளி, "வை கண்ணை" என்பாள். வைத்தால் இருக்கும். அவள் பெரிதாக்கிக் காட்டும் ஐபீஸ் கண்ணாடியில் பார்க்கவே மாட்டாள். "அது எங்கே இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். எப்படி இருக்குன்னு நீ பார்த்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

போன மழைக்காலத்தில் அவள் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வேனை ஓரங்கட்டி, பிள்ளைகளை எல்லாம் இறக்கி விட்ட பிறகுதான் விழுந்தாள் என்று பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். கை திரும்ப வந்தது. கால் திரும்ப வந்தது. பேச்சு போகவே இல்லை, அது போனால் அக்காவே இல்லை. இடப்பக்கம் மட்டும் வரவில்லை.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்லை," என்று டாக்டர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை மறந்துடுச்சு. மறந்தது அவங்களுக்குத் தெரியவும் தெரியாது. எல்லாம் முழுசாத்தான் தெரியுதுன்னு சத்தியம் பண்ணுவாங்க."

அக்கா சத்தியமும் பண்ணினாள். தலையில் வலப்பக்கம் மட்டும் சீவிக்கொண்டு, மற்ற பாதி பரட்டையாக நிற்க, "எனக்கென்ன குறைச்சல்?" என்று கேட்டாள். இடது தோள் நிலைப்படியில் மோதும்போதெல்லாம் அந்தக் கதவைப் போட்ட தச்சனைத் திட்டினாள். தட்டில் வலப்பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "என்ன, இன்னைக்குக் கொஞ்சமா வெச்சிட்டே?" என்பாள். தம்பி மனைவி தட்டை அப்படியே அரை வட்டம் திருப்பி வைப்பாள். மறைந்திருந்த சோறு அக்காவின் முன்னால் வந்துவிடும். "கேட்டாத்தான் போடுவியா?" என்று அதையும் சாப்பிடுவாள். வீடு முழுக்க இப்படித்தான் ஓடியது. எல்லாரும் சேர்ந்து உலகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய ஃபைண்டர் ஒரு குட்டித் தொலைநோக்கி. பெரிதாக்கிக் காட்டும், தலைகீழாகவும் காட்டும். நோய்க்குப் பிறகு அக்கா ஒரு தடவை அதில் கண்ணை வைத்தாள். தலை சுற்றிச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் மாடிக்கு வரவில்லை. நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தாள். டாக்டர் சொன்ன பயிற்சியும் இல்லை, நடையும் இல்லை. சாவு வீட்டில் இருப்பதைவிட அந்த வீட்டில் இருப்பது கஷ்டமாக இருந்தது. பெரிதாக்காத ஃபைண்டர் ஒன்று உண்டு, வானத்தை வானமாகவே காட்டும் என்று யாரோ சொல்லக் கேட்டுத்தான் தம்பி அவளைக் கெஞ்சிக் கூத்தாடிக் கடைக்குக் கூட்டிப் போனான்.

கேமரா, பைனாகுலர் எல்லாம் விற்கிற கடை. கடைக்காரர் பொறுமைசாலி.

"ரெண்டு கண்ணையும் திறந்தே வெச்சுக்கங்கம்மா. இது எதையும் பெருசாக்காது. எதிர்ல இருக்கறது இருக்கிறபடியே தெரியும். அதுமேல ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்காரும். புள்ளி எதுமேல இருக்கோ, டெலஸ்கோப் அதைத்தான் பார்க்குதுன்னு அர்த்தம்."

"பெருசாக் காட்டாததுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய விலை?" என்றாள் அக்கா. தம்பிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பழைய அக்கா பேசுகிறாள்.

எதிர்க்கடைப் பலகையைப் பார்த்து ஃபைண்டரின் சின்னக் கண்ணாடி ஜன்னலைப் பிடித்தாள். "எங்கே புள்ளி? பேட்டரி போடலையா?"

கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். எரிந்துகொண்டுதான் இருந்தது. திருப்பிக் கொடுத்தார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். "ஒரு நேரம் இருக்கு, ஒரு நேரம் இல்லை. பல்லி மாதிரி ஓடுது. எனக்கு வேணாம் இந்தச் சனியன்."

அடுத்ததில் கண்ணாடி அகலமாக இருந்தது. புள்ளிக்குப் பதில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சிவப்பு வட்டங்கள். நட்சத்திரத்தை நடுவட்டத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அக்கா பார்த்த உடனே முகம் மலர்ந்துவிட்டது.

"இது தெரியுது. நல்லாத் தெரியுது."

"முழு வட்டமாத் தெரியுதா அக்கா?"

"வட்டம் வட்டமாத் தெரியாம சதுரமாவா தெரியும்? கேக்கறான் பாரு கேள்வி."

கடைக்காரர் அவள் தலை சாய்ந்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "சார், நான் ரெண்டையும்தான் விக்கிறேன், எனக்கு எதை எடுத்தாலும் ஒண்ணுதான். ஆனா புள்ளின்னா தெரிஞ்சா தெரியும், தெரியலைன்னா தெரியலை. வட்டத்துல நடு எதுன்னு நம்ம மனசுதான் முடிவு பண்ணணும். பார்த்து எடுங்க."

தம்பி வட்டத்தை எடுத்தான். எப்பேர்ப்பட்ட மடையன். கருவியைப் பார்க்காமல், அக்காவின் முகத்தைப் பார்த்து முடிவெடுத்தான்.

முதல் நாள் சாயங்காலம், வெளிச்சம் இன்னும் முழுக்க வடியாதபோதே சனி கிரகம் தெரிந்தது. அக்கா வட்டங்களில் கண்ணை வைத்தாள். இரண்டு விரலால் குழாயைத் தள்ளினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நகர்த்தினாள்.

"வை கண்ணை."

வைத்தான். ஒன்றுமில்லை. வெறும் சாம்பல் வானம். தலையைத் தூக்கி ஃபைண்டரில் பார்த்தான். சனி நடுவட்டத்தில் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கி, வெளிவட்டத்துக்குள் நின்றது. அவனுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிவது வட்டத்தின் வலப்பாதி மட்டும். அந்தப் பாதியையே முழுசு என்று நம்பி, அதன் நடுவில் சரியாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். இதைவிடச் சரியாக வைக்க முடியாது. தப்பாக இருந்தது அவள் கை இல்லை.

"இருக்காடா?" என்றாள் பின்னாலிருந்து.

அந்தக் குரலைக் கேட்டவன் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான் என்று தம்பி பின்னால் பலமுறை தனக்குத்தானே வக்காலத்து வாங்கினான்.

"இருக்கு அக்கா."

"வளையம்?"

"வளையமும் இருக்கு. நல்லா, தட்டு மாதிரி."

"பின்னே? நான் பிடிச்சா தப்புமா?" அவள் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, ஏதோ பழைய பாட்டு முணுமுணுத்தாள். தம்பி காலியான வானத்தையே கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். தம்பி மெக்கானிக், அவனுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. ஃபைண்டரின் அடியில் அதைக் குழாயோடு நேராக்குவதற்கு மூன்று திருகுகள் இருந்தன. மெஷினில் காகிதம் கோணலாக வந்தால், வழிகாட்டித் தகட்டை எதிர்ப்பக்கம் கோணலாக்கி நேராக்குவது அவன் தினமும் செய்கிற வேலை. மறுநாள் அக்கா தூங்கும்போது மாடிக்குப் போய், தூரத்துச் செல்போன் கோபுரத்தின் உச்சியைக் குறிவைத்து, திருகுகளைத் தப்பாகத் திருகினான். அவள் எவ்வளவு விலகுவாளோ அவ்வளவு தப்பு. அன்று மாலை அவள் "வை கண்ணை" என்றபோது சனி உண்மையாகவே ஐபீஸில் இருந்தது, வளையத்தோடு. அவனுக்குத் தன் கைத்திறனை நினைத்து ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

அதற்குப் பிறகு வீடு மாறியது. அக்கா நாற்காலியைச் சுவரிலிருந்து திருப்பினாள். பயிற்சி செய்தாள், தெருமுனைவரை நடந்தாள். தம்பி மனைவியோடு சண்டை போட்டாள். அது நல்ல அறிகுறி என்று அவளே சிரித்தாள். தினமும் வானம் தெளிவாக இருக்கிறதா என்று மத்தியானத்திலிருந்தே ஜன்னலைப் பார்ப்பாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "நானே பிடிச்சுக் காட்டறேன், அவன் பார்க்கறான்" என்பாள். தம்பி தலையாட்டுவான்.

பிறகுதான் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அக்காவின் இடத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன் வேறு வேலைக்குப் போகிறானாம். தாளாளர் நல்ல மனுஷர், அக்காவிடம் மரியாதை உள்ளவர். உடம்பு எப்படியம்மா இருக்கு என்று விசாரிக்கத்தான் கூப்பிட்டார். அக்கா அவர் வாயிலிருந்து வேலை விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"திங்கட்கிழமையே வரேன் சார். டாக்டரா? அவர் ஒரு பேப்பரைக் கொடுத்து, கோட்டுக்கு நடுவுல புள்ளி வைங்கறார். நட்சத்திரத்தையே பிடிக்கிற கண்ணு சார் இது, கோட்டைப் பிடிக்காதா? சந்தேகம் இருந்தா என் தம்பியைக் கேளுங்க. தினமும் பக்கத்துல நின்னு பார்க்கறவன்."

தாளாளர் கேட்டார். தம்பி ஏதோ ஓர் அலுவலகத்தில் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு முட்டி போட்டிருந்தான். "உங்க அக்காவுக்குக் கண்ணு சரியாயிடுச்சுன்னு சொல்றாங்க. நீங்க சொன்னாச் சரி தம்பி. பிள்ளைங்க விஷயம் பாருங்க, அதான்." யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். நேராக இருந்த உருளையைக் கோணலாக மாட்டி, அந்த அலுவலகக்காரனிடம் பாட்டு வாங்கினான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். திருகு விஷயம் அவளுக்கும் அதுவரை தெரியாது. அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நானும்தான் தட்டைத் திருப்பி வெச்சேன். அதால யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ரோட்டை யாருங்க திருப்பி வைப்பா?"

அவன் விரலில் அப்பிய கறுப்புப் பொடியைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"தாளாளர்கிட்ட நேராச் சொல்லிடுங்களேன், வேலை தர வேணாம்னு."

"சொன்னா அவர் ஏதாவது சாக்கு சொல்லி நிறுத்திடுவார். இவ நம்ப மாட்டா. வேற பள்ளிக்கூடத்துல போய்க் கேப்பா. அக்காவைத் தெரியாதா உனக்கு?"

"அப்ப அண்ணிகிட்டத்தான் சொல்லணும்."

"சொன்னா மறுபடியும் சுவரைப் பார்த்து உக்காந்துடுவா."

"உக்காரட்டும்," என்றாள் அவள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா உற்சாகமாக இருந்தாள். பழைய சீருடைச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டியிருந்தாள். இடது கைப்பகுதி மட்டும் சுருக்கத்தோடு கிடந்தது. மாடிக்கு அவளே முதலில் ஏறினாள்.

தம்பி தொலைநோக்கியைச் செல்போன் கோபுரத்தை நோக்கித் திருப்பினான். அதன் உச்சியில் சிவப்பு விளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது. அவன் ஐபீஸைப் பார்த்து விளக்கை நடுவில் நிறுத்தினான். பிறகு அவள் கண்ணெதிரிலேயே மூன்று திருகுகளையும் ஒவ்வொன்றாகத் திருகி, வட்டத்தின் நடுவை விளக்கின்மேல் கொண்டுவந்தான்.

"என்னடா நோண்டறே? நல்லாத்தானே இருந்துச்சு?"

"இப்பத்தான் அக்கா நேரா இருக்கு. குழாயைக் கலைச்சுட்டேன். நீ மறுபடியும் அந்த விளக்கைப் பிடி."

அவள் பிடித்தாள். இரண்டு விரல், அதே நிதானம். "வை கண்ணை."

"இன்னைக்கு நீ வை."

"நான் எதுக்கு? எங்க இருக்குன்னுதான் எனக்குத் தெரியுமே."

"ஒரு தடவை அக்கா. எனக்காக."

முணுமுணுத்துக்கொண்டே குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. தம்பிக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு, "தட்டி விட்டுட்டே நீ," என்றாள். மறுபடி ஃபைண்டரில் பிடித்தாள், மறுபடி குனிந்தாள். மறுபடியும். கோபுர விளக்கு அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐபீஸில் அவளுக்கு அது ஒரு தடவையும் அகப்படவில்லை.

அவள் எழுந்து நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை.

"எப்பலேர்ந்துடா?"

"முதல் நாள்லேர்ந்து. மறுநாளே திருகைத் தப்பாத் திருகி வெச்சேன். நீ எவ்வளவு விலகறியோ அவ்வளவு."

"சனியைப் பார்த்தேன்னே. வளையம் தட்டு மாதிரி இருக்குன்னே."

"அன்னைக்கு ஒண்ணுமே தெரியலை அக்கா. வெறும் வானம்."

கீழே தெருவில் யாரோ ஷட்டரை இழுத்துச் சாத்தினார்கள்.

"பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போயிருப்பேன்டா," என்றாள். "பாட்டுப் போட்டுக்கிட்டு, பெருமையா ஏத்திக்கிட்டுப் போயிருப்பேன். நீ பார்த்துக்கிட்டு இருந்திருப்பே."

"அக்கா..."

"போதும். எங்கூட வராதே."

அவள் படிக்குப் போனாள். வீட்டுக்கு வெளிப்பக்கமாக இறங்குகிற படி அது. வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் கைப்பிடி வைக்காமல் விட்ட வெறும் விளிம்பு. ஏறும்போது அந்த விளிம்பு வலப்பக்கம் இருக்கும், அவளுக்குத் தெரியும். இறங்கும்போது அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எப்போதும் அவன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இடப்பக்கம் வருவான். இன்றைக்கு வராதே என்றுவிட்டாள்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினான். சத்தமில்லாமல் அவளுக்கும் விளிம்புக்கும் நடுவில் நுழைந்து, பாதி கால் படியிலும் பாதி வெளியிலுமாக, ஒட்டி ஒட்டி இறங்கினான். அவள் தோள் அவன் மார்பை உரசப் பார்த்தது, ஒதுங்கிக்கொண்டான். அவளுக்குத் தெரியவில்லை. தனியாக இறங்குகிறோம் என்ற கோபத்தோடு, ஒவ்வொரு படியாக, நிமிர்ந்து இறங்கினாள். இரண்டு மூன்று படிதான் இறங்கியிருப்பார்கள். தான் செய்துகொண்டிருப்பது என்ன என்று அவனுக்கு உறைத்தது. இதுவும் அதே வேலைதான். தெரியாமல் தாங்கிப் பிடித்து, தானாகவே நிற்கிறோம் என்று அவளை நம்ப வைக்கிற அதே வேலை.

"அக்கா," என்றான். "நான் உனக்கு இடது பக்கம் நிக்கிறேன்."

அவள் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பினாள், வலப்பக்கமாக. சுவரைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் திரும்பி, இறங்கி வந்த வழியைப் பார்த்தாள்.

"எங்கே?"

"இங்கேதான். உன் தோள் பக்கத்துல."

அவள் விடாமல் தேடினாள். வானத்தில் எதையும் தப்பவிடாதவள், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற தம்பியை, சுவரிலும் படியிலும் தேடினாள். அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான். அவள் கையைப் பிடித்துத் தன்மேல் வைக்கவில்லை. வைக்காமல் இருப்பதற்கு அவனுக்கு இருக்கிற பலமெல்லாம் தேவைப்பட்டது.

கடைசியில் அவள் தேடுவதை விட்டாள்.

"தெரியலைடா," என்றாள்.